திருப்பாலைக்குடிக்குப் போன இரண்டு பெட்டிகள்

ராமநாதபுரம் கேணிக்கரையில் பூட்டிக்கிடந்த பழைய பஞ்சுக் கிட்டங்கியில் குருநாதன் ஸ்பீக்கர் கம்பெனி தொடங்கியபோது, அது என்ன கம்பெனி என்று ஊரில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் வாடகைக்குக் கிடைக்கும் என்று நினைத்து வந்து விசாரித்துப் போனார்கள். அபிராமம் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை, பம்பாயில் ரேடியோ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர், இங்கே வந்து கம்பியும் காகிதமும் ஒட்டிக்கொண்டிருக்கிறாரே என்று சொந்தக்காரர்களுக்கு வருத்தம். குருநாதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் வைத்துக் கேட்டால் தவில் தவிலாகவே கேட்க வேண்டும், தகர டப்பாவாகக் கேட்கக் கூடாது. அப்படி ஒரு ஸ்பீக்கரைச் செய்து காட்டுவது என்று பிடிவாதமாக இருந்தார்.

பூமயில் அங்கே வேலைக்குச் சேர்ந்தது அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம். கமுதிக்குத் தெற்கே அவள் ஊரில் இரண்டு வருஷமாக மழை பொய்த்து, மிளகாய்ச் செடி நின்ற இடத்திலேயே கருகிப்போனது. கூலி வேலையும் இல்லாமல் ராமநாதபுரத்தில் இருந்த அக்கா ராக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வயது இருபத்திரண்டு. அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள் கம்பெனியில் காயில் என்கிற கம்பிச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னோர் ஆள் வேண்டும் என்று அவள்தான் கூட்டிப்போனாள். குருநாதன் பெயரைக் கேட்டார். கண் நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். தலைமுடியைப் போலச் சன்னமான செம்புக் கம்பியைக் கொடுத்து, முறுக்கு விழாமல் ஊசிக்காதில் கோக்கச் சொன்னார். கோத்துக் காட்டினாள். எந்தக் கையால் கோத்தாள் என்று அவர் கவனிக்கவில்லை.

அவளுக்கு எல்லாமே இடக்கைதான். சின்ன வயதில் இடக்கையால் விதை போட்டதற்கு அய்யாவிடம் மாட்டுக் கயிற்றால் அடி வாங்கியிருக்கிறாள். சோற்றை மட்டும் வலக்கையால் அள்ளப் பழகிக்கொண்டாள். மற்றவற்றை ஆள் இல்லாதபோது இடக்கையால் செய்துவிடுவாள்.

காயில் சுற்றுகிற எந்திரம் தையல் மிஷின் தலையைவிடச் சின்னது. வலப்பக்கம் ஒரு கைப்பிடி. காகிதக் குழலை உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால், கம்பி குழலின்மேல் பட்டுநூல் போல வரிசையாகப் படியும். முதல் மூன்று நாளும் பூமயில் வலக்கையால் சுழற்றிப் பார்த்தாள். ஒரே சீராக வரவில்லை. கம்பி பட் பட்டென்று அறுந்தது. நாலாம் நாள் அழுகிற நிலைக்கு வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த பிச்சையம்மாள் எழுந்து வந்து, எந்திரத்தின் திருகாணியைக் கழற்றி, அதை அப்படியே முகம் மாற்றித் திருப்பி வைத்தாள். கைப்பிடி இடப்பக்கம் வந்தது.

“பீச்சாங்கைதான் வருதுன்னா அதாலயே சுத்து. கம்பிக்கு என்ன தெரியப்போகுது?” என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு காயில் சுற்றினாள் பூமயில். ஒரு மாதத்தில் பிச்சையம்மாளைவிட வேகமாகிவிட்டாள். குருநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காயிலைப் பார்ப்பார், கம்பி கம்பியோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பார், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருடைய கண்டிப்பெல்லாம் ஒரு விஷயத்தில்தான். கம்பி தொடங்குகிற முனையில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். ஸ்பீக்கர் முடிந்ததும் அந்த முனை, பின்னால் ஒயர் மாட்டுகிற இரண்டு பித்தளைக் காதுகளில் சிவப்புப் பொட்டு வைத்த காதுக்குப் போக வேண்டும். அதில் பிசகு வரக் கூடாது.

சுற்றுவதோடு பூமயிலுக்கு வேலை முடிந்தது. ஆனால் தான் சுற்றிய காயில் என்ன ஆகிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளறைப் பக்கம் போய் நிற்பாள். காகிதக் கூம்பின் அடியில் காயிலை ஒட்டுவார்கள். கனத்த காந்தத்தின் நடுவில் நகம் நுழையாத சந்து ஒன்று இருக்கும். அந்தச் சந்துக்குள் காயில் எதிலும் உரசாமல் தொங்க வேண்டும். கம்பி எப்படிப் பாடுகிறது என்று ஒருநாள் குருநாதனிடமே கேட்டுவிட்டாள். அவருக்குச் சந்தோஷம், அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. கரண்டு போனால் காயிலும் காந்தம் ஆகிவிடும், பெரிய காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும், காயிலோடு காகிதமும் போய்வரும், காகிதம் காற்றைத் தள்ளும், அதுதான் சத்தம் என்று சொன்னார். ஒரு டார்ச் செல்லை எடுத்துக் கம்பி முனைகளில் தொட்டுக் காட்டினார். கூம்பு ‘டப்’ என்றது. காயில் அறுந்திருக்கிறதா என்று அப்படித்தான் அவர் சோதிப்பார். அந்த ‘டப்’பில் காகிதம் துள்ளியதைப் பூமயில் வீட்டுக்குப் போயும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் திருப்பாலைக்குடியிலிருந்து ஹமீது சுல்தான் வந்தார். கொழும்புக்குக் கருவாடு ஏற்றுகிற வியாபாரி. சாயபுமார் தெருவில் பெரிய கல்வீடு அவருடையது. கொழும்பிலிருந்து ரெக்கார்டு பிளேயர் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதற்கு இரண்டு ஸ்பீக்கர் வேண்டும், கூடத்தின் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும், ஆளுயரத்தில் பாதி இருக்க வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார். தொண்டியில் மருமகனுக்கு ரேடியோ கடை வைத்துக்கொடுக்கப் போகிறார். இந்த ஜோடி சரியாக வாய்த்தால் இருபது ஜோடிக்கு ஆர்டர். அதுவரை கம்பெனியில் ஒற்றை ஸ்பீக்கர்தான் போய்க்கொண்டிருந்தது. ஜோடியாக யாரும் கேட்டதில்லை.

பெட்டி செய்தது பால்சாமி. ஐம்பது வயது தச்சர், பேச்சுக் குறைவு. தேக்குப் பலகையை இழைத்து, இணைப்பில் மயிரிழை சந்து இல்லாமல் கோத்து, உள்ளே கமுதிப் பஞ்சு வைத்து அடைத்தார். பெட்டிக்குள் ஏன் பஞ்சு என்று பூமயில் கேட்டபோது, காகிதத்தின் முதுகுப் பக்கம் போகிற சத்தம் உள்ளேயே சுற்றிச்சுற்றி முட்டாமல் இருக்க என்றார் குருநாதன். பெட்டிகள் இரண்டும் வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் போயின.

எட்டாம் நாள் சுல்தான் மறுபடி வந்தார். கோபமாக வரவில்லை, குழப்பமாக வந்தார். நாதஸ்வர இசைத்தட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஒற்றைப் பெட்டியை மட்டும் வைத்துக் கேட்டால் தவில் முழங்குகிறது. அடுத்த பெட்டியை மட்டும் வைத்தாலும் முழங்குகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தம் அப்படியே காணாமல் போகிறது.

“ரெண்டு ஆளு சேந்து கத்துனா சத்தம் கூடணும்ல தம்பி. இங்கன கொறையுது. எம்பொஞ்சாதி இது ஏதோ ஷைத்தான் வேலைங்குறா. எனக்கு அப்படித் தோணல. நீங்க பாருங்க” என்றார்.

குருநாதன் அன்றைக்கே பஸ் ஏறிப் போனார். சுல்தான் சொன்னது நிஜம். ஒயர்களை மூன்று முறை சரிபார்த்தார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, எல்லாம் ஒழுங்கு. பெட்டிகளையும், கூடவே சுல்தானின் பிளேயரையும் நாதஸ்வரத் தட்டையும் கேணிக்கரைக்குக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு கிட்டங்கியில் வேறு வேலை நடக்கவில்லை. கடல் காற்றின் ஈரத்தில் காகிதம் தொய்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தார். இரண்டு நாள் வெயிலில் காயவைத்தும் அப்படியேதான் இருந்தது. பஞ்சைக் குறைத்தார், கூட்டினார். பெட்டியில் எங்கோ சந்து இருக்கிறது, சத்தம் அதன் வழியே கசிகிறது என்று முடிவுக்கு வந்தார். பால்சாமி இணைப்புகளில் மெழுகு ஊற்றினார். பிறகு பலகையைப் பிரித்து இரண்டு பெட்டியையும் புதிதாகவே செய்தார். ஒன்றை வைத்தால் முழக்கம். இரண்டை வைத்தால் தகரம்.

பூமயில் காயில் சுற்றியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விஷயம் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. பெட்டிகளைக் கிட்டங்கியின் இரண்டு கோடியில் வைத்தால் தவில் கொஞ்சம் கேட்டது. நெருக்கி வைத்தால் மறைந்தது. பக்கம் பக்கமாக ஒட்டி வைத்தபோது நாதஸ்வரம் மட்டும் மெல்லிசாகக் கீச்சிட்டது. பெட்டியில் சந்து இருந்தால், எட்ட வைத்தாலும் கிட்ட வைத்தாலும் ஒன்றுபோலத்தானே கசிய வேண்டும்?

சனிக்கிழமை சாயங்காலம் குருநாதனுக்கும் பால்சாமிக்கும் வாய்த்தகராறு ஆகிவிட்டது. மரம் சரியாகக் காயவில்லை, பச்சை மரத்தை வைத்துச் செய்திருக்கிறீர்கள் என்றார் குருநாதன். முப்பது வருஷமாக மரம் அறுக்கிறவரிடம் சொல்லக்கூடாத சொல் அது. பால்சாமி இழைப்புளியையும் உளிகளையும் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். திங்கட்கிழமை வர வேண்டாம் என்று குருநாதன் அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னார். பிறகு அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிச்சையம்மாள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பூமயில் உள்ளறைக்குப் போனாள். ஒயர் கழற்றிய பெட்டிகள் இரண்டும் அருகருகே நின்றன. முன்பக்கத் துணியை எடுத்துவிட்டதால் காகிதக் கூம்புகள் தெரிந்தன. மேசையில் குருநாதனின் டார்ச் செல் கிடந்தது. அவர் செய்வது போலவே சிவப்புக் காதிலும் கறுப்புக் காதிலும் செல்லைத் தொட்டாள். ‘டப்’. கூம்பு முன்னால் துள்ளியது. அடுத்த பெட்டியிலும் அதே மாதிரி தொட்டாள். ‘டப்’. சத்தம் ஒன்றுதான். ஆனால் அந்தக் கூம்பு பின்னால் போனது.

கண் ஏமாற்றுகிறதோ என்று காகிதத்தின்மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள். முதலாவது விரலை இடித்தது. இரண்டாவது விரலைவிட்டு விலகியது.

ஊரில் கண்மாய்த் தண்ணீரை அவளும் ராக்குவும் எதிரெதிரே நின்று இறைகூடையால் வயலுக்கு இறைப்பார்கள். இரண்டு பேரும் ஒரே மூச்சில் கயிற்றை இழுத்தால்தான் கூடை எழும்பும். ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி விட்டுக்கொடுத்தால், கூடை சரிந்து தண்ணீர் நின்ற இடத்திலேயே கொட்டிவிடும். இதுவும் அதுதான் என்று அவளுக்குப் பட்டது. ஒரு காகிதம் காற்றைத் தள்ளுகிறது. அதே நேரத்தில் இன்னொன்று இழுக்கிறது. காற்று எங்கே போகும்?

அலமாரியில் முடிந்த ஸ்பீக்கர்கள் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லைத் தொட்டாள். ஐந்து முன்னால் துள்ளின. நாலு பின்னால் போயின. பின்னால் போனவற்றைத் திருப்பி, அடியில் சிவப்பு நூல் முடிச்சைப் பார்த்தாள். நாலும் அவள் போட்ட முடிச்சு. பிச்சையம்மாள் ஒற்றை முடிச்சுப் போடுவாள். இவள் இரட்டையாகப் போடுவாள். எந்திரத்தைத் திருப்பி வைத்ததில் கம்பி சுற்றுகிற திசையே மாறிப்போயிருக்கிறது; அதனால்தான் மற்றது தள்ளும்போது இது இழுக்கிறது. சுல்தானின் ஜோடியில் ஒன்று பிச்சையம்மாளுடையது, ஒன்று இவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிச்சையம்மாளிடம் மட்டும் சொன்னாள். அவள் பயந்துபோனாள். எந்திரத்தைத் திருப்பி வைத்தவளே தான்தானே என்று அவளுக்குக் கவலை. பேசாமல் இரு, இனிமேல் வலக்கையால் சுற்று, பழசெல்லாம் தானாகப் போய்விடும் என்றாள். பால்சாமி பாடு என்ன ஆகும் என்று பூமயில் கேட்டாள். அவருக்குத் தச்சுவேலை எங்கே போனாலும் கிடைக்கும், உனக்கு இந்த வேலை போனால் மிளகாய் பறிக்கத்தான் போக வேண்டும் என்றாள் பிச்சையம்மாள். அது பொய்யில்லை. ஆனாலும் இழைப்புளியைச் சுற்றிக்கொண்டு பால்சாமி தான் செய்த பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதைப் பூமயில் பார்த்திருந்தாள். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை. ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் தவில் திரும்பி வருமா என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது.

திங்கட்கிழமை குருநாதன் வந்து சட்டையை ஆணியில் மாட்டியதும் அவள் உள்ளறை வாசலில் போய் நின்றாள்.

“அய்யா, பால்சாமியண்ணன் பெட்டியில கொற இல்ல. காயில்ல இருக்கு. நான் சுத்துன காயில்ல.”

அவர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். அவள் செல்லை எடுத்தாள். முதல் பெட்டியில் தொட்டுக் காட்டினாள். இரண்டாவதில் தொட்டுக் காட்டினாள். குருநாதன் அவள் கையிலிருந்து செல்லை வாங்கித் தானே தொட்டுப் பார்த்தார். பிறகு அலமாரியில் அவள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தவற்றைப் பார்த்தார்.

“நீ எந்திரத்த எப்படிச் சுத்துற? சுத்திக் காட்டு.”

சுற்றிக் காட்டினாள். இடக்கையில் கைப்பிடி வேகமாகச் சுழன்றது. பிச்சையம்மாள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். குருநாதன் முகம் சிவந்தது. இத்தனை நாளாக இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அதட்டினார். சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றாள் பூமயில்.  கம்பெனியில் ஒன்றரை வருஷமாக அவள் மேசையைத் தினமும் கடந்து போனவர் அவர். எந்திரம் திரும்பியிருப்பதை ஒருநாளும் பார்க்கவில்லை. சிவப்புக்குச் சிவப்பு என்று மூன்று தடவை சரிபார்த்த ஆளுக்கு, காகிதம் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை. அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

“யாரு ஒனக்கு இதச் சொன்னது?” என்று கேட்டார், குரல் இறங்கி.

“யாரும் சொல்லல. செல்ல வச்சுப் பாத்தேன்.”

இரண்டாவது பெட்டியின் ஒயர்களை மாற்றிக் கொடுத்தார். நாதஸ்வரத் தட்டை வைத்தார். தவில்காரர் முதல் அடி கொடுத்ததும் மேசையிலிருந்த திருகாணிகள் டப்பாவோடு சேர்ந்து கிலுகிலுத்தன. பூமயிலுக்கு அது காதில் விழுவதற்கு முன்னால் பாதத்தில் தெரிந்தது. குருநாதன் தட்டு முடியும்வரை நின்றபடியே கேட்டார். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பால்சாமி வீட்டுக்குப் போனார்.

பால்சாமி உடனே வரவில்லை. குருநாதன் வாசலில் நின்று தன் தவறு என்று சொன்னதை ஏற்றுக்கொண்டார். ஆனால் புதன்கிழமை வருகிறேன் என்றுதான் சொன்னார். புதன்கிழமை வந்தார். அந்த வாரம் முழுக்கக் குருநாதனிடம் மரத்தைப் பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

பூமயிலின் வேலை போகவில்லை. வலக்கையால் சுற்று என்று குருநாதன் சொல்லவும் இல்லை. அவள் காயிலில் மட்டும் சிவப்பு நூலைத் தொடங்குகிற முனைக்குப் பதிலாக முடிகிற முனையில் கட்டச் சொன்னார், அவ்வளவில் தீர்ந்தது. இனி எந்த ஸ்பீக்கரும் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அவள் செல்லை வைத்துப் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்று வைத்தார். பிச்சையம்மாளுக்குத்தான் வேலை போகாது என்ற நம்பிக்கை வர ஒரு மாதம் ஆயிற்று.

அந்த ஞாயிறு பெட்டிகளையும் பிளேயரையும் திருப்பாலைக்குடிக்குக் கொண்டுபோனபோது, பூமயிலும் வரட்டும் என்றார் குருநாதன். தேவிபட்டினம் வழியாகப் பஸ். கூரையில் பெட்டிகள், அவற்றைப் பிடித்தபடி பால்சாமியும் கூரையில். சுல்தான் வீட்டுக் கூடத்தில் வெள்ளைச் சுவரின் இரண்டு ஓரத்திலும் பெட்டிகளை நிறுத்தினார்கள். பெண்கள் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கூடியிருந்தார்கள். பூமயில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கதவோரமாக நின்றாள்.

தட்டு சுழன்றது. தவில் வந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சுல்தான் கண்ணை மூடிக்கொண்டு “மாஷா அல்லாஹ்” என்றார். மருமகன் கடைக்கு எப்போது வேண்டும் என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. இதைக் கண்டுபிடித்தது இந்தப் பிள்ளை என்று குருநாதன் சொன்னதும், சுல்தான் எழுந்து கூடத்தின் நடுவில் கிடந்த தன் நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னார். அவள் தயங்கினாள். பால்சாமி கண்ணால் உட்காரு என்றார். உட்கார்ந்தாள்.

சுல்தான் வேறொரு தட்டை வைத்தார். ஒரு பெண் பாடினாள். பூமயில் முதலில் இடப்பக்கப் பெட்டியைப் பார்த்தாள்; பிறகு வலப்பக்கப் பெட்டியைப் பார்த்தாள். குரல் இரண்டிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சுவரிலிருந்து வந்தது. அந்தப் பெண் அங்கே நின்று பாடுவது போல இருந்தது. பூமயில் எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். குரல் மறுபடி சுவருக்குப் போய்விட்டது. தலையை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினாள். பாடுகிறவளும் நகர்ந்தாள்.

“அய்யா, பெட்டி அங்கன இருக்கு. பாட்டு ஏன் இங்கனயிருந்து வருது?”

குருநாதன் குனிந்து அவள் தலைக்குப் பக்கத்தில் தலையை வைத்துக் கேட்டார். இருவருக்கும் ஒரே இடத்தில் கேட்கவில்லை. சுல்தானுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. தட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார். பூமயில் எழுந்து பால்சாமியிடம் போய், பாடுகிறவள் இடம் மாறுகிறாளா என்று பார்க்க வலப்பக்கப் பெட்டியை ஒரு முழம் முன்னால் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள்.